மார்பகப் புற்றுநோயும் மூவகைப் பரிசோதனையும்

(பள்ளிபாளையத்தில் கூடிய நம் சங்க மாதர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இனிமையானதன்று. நம் சங்கக் கூட்டங்களில் மாணவர் உதவி நிதியைப் பற்றியும், நூல் விலையைப் பற்றியும், திருமண மண்டபத்துக் கூரையைப் பற்றியும் பேசுவது வழக்கம். மாதர்க்கென்று கூட்டிய கூட்டமாயின் கோலமும் சமையலும் வந்து சேரும். அவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் செயலாளர் அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, "முப்பத்தோராண்டு செவிலியாய் இருந்தீர்களே, ஏதேனும் பேசுங்கள் அம்மா" என்று கேட்டபொழுது, இப்பொருளையன்றி வேறொன்றும் என் நாவில் எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு; அதனைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

முதற்கண் ஆடவர்க்கு ஒரு வேண்டுகோள். 'மார்பகம்' என்னும் சொல் செவியில் விழுந்தவுடன் இருவர் மூவர் மெல்ல எழுந்து வெளியே செல்லத் தலைப்பட்டதைக் கண்டேன். தயைகூர்ந்து அமர்க. உங்கள் இல்லத்துப் பெண்மணி பாலத்தைக் கடந்து ஈரோடு சென்று ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமாயின், ஒரு நாள் தறி நிற்கவேண்டும். பஸ்ஸுக்கும் படத்துக்கும் பணம் வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இம்மூன்றும் பெரும்பாலும் உங்கள் சொல்லை எதிர்பார்த்து நிற்பவை. அன்றியும், திருச்செங்கோட்டு மலைமேல் ஆண்பாதி பெண்பாதியாய் நிற்கும் அர்த்தநாரீசுவரரைப் படியேறிச் சென்று வணங்கும் நாம், பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சைக் கேட்க நாணுவது பொருந்துமா? இந்நோய் ஆடவரையும் முற்றும் விடுவதில்லை. இந்நோயாளர் நூற்றுவரில் ஒருவரோ, அதற்குங் குறைவாகவோ ஆடவராயிருப்பர்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022 ஆம் ஆண்டுக்கு வகுத்த மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அவ்வோராண்டில் மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்ட மாதர் ஏறக்குறைய 1,92,000 பேர். இறந்தவர் ஏறக்குறைய 98,000 பேர். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிய காலத்தில், மாதர்க்கு வரும் புற்றுநோய்களுள் கருப்பைவாய்ப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. இன்று அவ்விடத்தை மார்பகப் புற்று பிடித்துக்கொண்டது. நகரத்து நோய், பணக்காரர் நோய் என்று நாம் எண்ணியிருந்த காலம் கடந்துவிட்டது. மேனாட்டு மாதரைக் காட்டிலும் நம் மாதர்க்கு இந்நோய் ஏறக்குறையப் பத்தாண்டு முன்னதாகவே தோன்றுகின்றது என்பதையும் நினைவிற் கொள்க. இது பின்னர் வரும் ஒரு செய்திக்கு இன்றியமையாதது.

இவ்வளவு பேர் இறப்பதற்குக் காரணம் மருந்தின்மையன்று. நம் நாட்டில் இந்நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர், கட்டி அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கேனும் அதற்கப்பாலேனும் பரவிய பின்னரே வைத்தியரை அடைகின்றனர். ஏன்? தொடக்கத்தில் அக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. தலைவலிக்கும் பல்வலிக்கும் ஓடுகின்ற நாம் வலியில்லாத ஒன்றுக்கு எங்கே ஓடப்போகின்றோம்? "தீபாவளிச் சரக்கு முடியட்டும்" என்போம். தீபாவளி போனால் "தை பிறக்கட்டும்" என்போம். தை பிறந்தால் மகளுக்கு வரன் வரும். மார்பில் கட்டி என்று வெளியே தெரிந்தால் வந்த வரன் திரும்பிவிடுமோ என்னும் அச்சம் வேறு. இவ்வச்சத்தை யான் எள்ளி நகையாடமாட்டேன். யான் பணிபுரிந்த காலத்தில் எத்தனையோ தாய்மார் முந்தானையை விலக்குமுன் முதலிற் கேட்ட கேள்வி, "இது வெளியே தெரியாதே, அம்மா?" என்பதே.

இனி என் தமக்கையாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவர்க்கு அப்பொழுது நாற்பத்தாறு வயது. இவ்வூரிலேயே வாழ்ந்தவர், தறிக்குத் தார் சுற்றிக்கொடுத்து இரு மக்களைப் படிக்க வைத்தவர். ஒருநாள் குளிக்கும்பொழுது இடமார்பில், அக்குளுக்கு அருகே, ஓர் அவரைக்கொட்டையளவு கட்டியொன்று கையில் தட்டுப்பட்டது. மூன்று திங்கள் கழித்தே என்னிடம் கூறினார். யான் தொட்டுப் பார்த்தேன். அது கெட்டியாயிருந்தது; விளிம்பு வழவழப்பாயில்லை; விரலால் தள்ளினால் எளிதில் நகரவுமில்லை. மனம் துணுக்குற்றது. உடனே அழைத்துச் சென்று மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்தோம். எங்கே என்று சொல்லேன். அது இப்பொழுது வேண்டியதில்லை. அங்கே எவரும் அக்கட்டியின்மேல் கைவைத்துப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றோ, ஊசியிட்டுப் பார்க்கவேண்டும் என்றோ எவரும் சொல்லவில்லை. மறுநாள் கிடைத்த தாளில், குறிப்பிடத்தக்க குற்றம் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது.

பிறர்மேல் பழிபோட யான் இங்கே வரவில்லை. பழியில் பெரும்பங்கு என்னுடையது. கட்டி கையில் இருக்கப் படத்தில் இல்லையென்றால் படத்தை நம்பி நின்றுவிடலாகாது என்பது செவிலிப் படிப்பிலேயே யான் கற்ற பாடம். கற்றிருந்தும் அந்தத் தாளைக் கண்டவுடன் எனக்கு உண்டான ஆறுதலில் அப்பாடம் மறந்துபோயிற்று. "அக்கா, படத்தில் ஒன்றுமில்லை. நிம்மதியாக இரு" என்று சொன்னேன். தங்கை செவிலியாயிற்றே என்று அவரும் நம்பினார். எட்டுத் திங்கள் கழிந்தன. இடையில் மகளின் திருமணம் நடந்தது. பந்தியில் அவரே நின்று பரிமாறினார். அதன்பின் அக்குளிலும் ஒரு கட்டி எழுந்தது. மார்பின் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. அப்பொழுதுதான் ஊசியிட்டுப் பார்த்தார்கள். புற்று என்றார்கள். நோய் நுரையீரலையும் தொட்டிருந்தது. இரண்டாண்டும் சில திங்களும் வாழ்ந்து மறைந்தார்.

தொடக்கத்திலேயே ஊசியிட்டுப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை யாரும் அறுதியிட்டுக் கூறவியலாது. அந்த எட்டுத் திங்கள் என் கையில் இருந்தன என்பதை மட்டும் யான் அறிவேன்.

தம் உடன்பிறந்தாளின் சாவிலிருந்து எழுந்த செயலுக்கு நம் நாட்டில் ஒரு பெரிய சான்றுண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கையார் 1923இல் குடற்புற்றால் இறந்தார். அந்நோய் முதலில் சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டது. அத்துயரத்தை அம்மையார் மறக்கவில்லை. முப்பதாண்டு பாடுபட்டு, 1952இல் அடிக்கல் நாட்டுவித்து, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறப்பித்தார். யான் அத்தகைய பெருமாட்டியல்லேன். அவ்வம்மையார் ஒரு நிலையம் கண்டார். என்னால் ஆவது இச்சொற்பொழிவும், இதன் இறுதியில் சொல்லப்போகும் ஒரு சிற்றட்டையுமே.

இனிப் பரிசோதனைகளுக்கு வருவோம். நெய்து இறக்கிய துணியை நாம் எங்ஙனம் பார்க்கின்றோம்? முதலில் உள்ளங்கையால் தடவுகின்றோம். முடிச்சும் தடிப்பும் கைக்குத் தெரியும். பிறகு வெளிச்சத்திற்கு நேரே பிடிக்கின்றோம். கைக்குத் தட்டாத இழையறுப்பு கண்ணுக்குப் படும். அதன்பிறகும் ஐயமிருப்பின் ஓர் இழையை உருவி, முறுக்கவிழ்த்து, பருத்தியா கலப்பா என்று பார்க்கின்றோம். கொளுத்தி மணம் பார்ப்பாரும் உண்டு. தடவிப் பார்த்ததோடு நின்று பழுதான சரக்கை வாங்கிவிட்டு வருந்தியவர் நம்மில் எத்தனை பேர்! மார்பகக் கட்டியை ஆராய்வதும் இம்முறையே. கையால் பார்ப்பது ஒன்று. நிழற்படத்தால் பார்ப்பது ஒன்று. ஊசியால் சிறிது தசையை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது ஒன்று. இம்மூன்றையும் சேர்த்தே வைத்தியர்கள் மூவகைப் பரிசோதனை என்று வழங்குகின்றனர்.

கையைப் பற்றிச் சிறிது விரிவாய்ச் சொல்லவேண்டும். ஏனெனில் இது செலவில்லாதது. ஆகவே எளிதில் இகழப்படுவது. சிலரால் அளவுமீறிப் புகழவும் படுவது. நம்மைப்போன்றே நூலோடும் துணியோடும் உழைக்கும் மாதரிடையே சீன தேசத்து ஷாங்காய் நகரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1989 முதல் 1991 வரை அந்நகரத்து ஆலைகளைச் சேர்ந்த 2,66,064 மாதரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தம் மார்பைத் தாமே தடவிப் பார்க்கும் முறையைக் கற்பித்துப் பலகால் நினைவூட்டியும் வந்தனர். 2002இல் முடிவு வெளியாயிற்று. கற்பிக்கப்பட்டவருள் மார்பகப் புற்றால் இறந்தவர் 135 பேர்; கற்பிக்கப்படாதவருள் 131 பேர். பயன் ஒன்றும் இல்லை! தீங்கற்ற கட்டிகள் மட்டும் முதற்பிரிவில் 2,761ம், மற்றதில் 1,505ம் கண்டறியப்பட்டன. அச்சமும் அலைச்சலும் மிகுந்தனவேயன்றி உயிர் மிஞ்சவில்லை. ஆகவே திங்கள்தோறும் கண்ணாடிமுன் நின்று தடவிப் பார்த்துவிட்டால் போதும் என்று உங்களுக்கு எவரேனும் சொன்னால் நம்பவேண்டா. தன் உடம்பின் இயல்பை அறிந்திருத்தல் நன்று; மாறுதல் கண்டால் உடனே செல்லுதல் நன்று. அவ்வளவே.

பயின்ற கை வேறு. பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியார் 1998இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினர். சேரிகளில் வாழும் 35 முதல் 64 வயதுள்ள 1,51,538 மாதர் அதில் அடங்கினர். பாதிப்பேரின் இல்லங்களைச் சார்ந்து, பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்களைப் பயிற்றி, ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை மார்பகங்களைக் கையால் பரிசோதிக்கச் செய்தனர். 2021இல் வெளியான முடிவு இது: பரிசோதிக்கப்பட்ட பிரிவில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர் நோயாளருள் 37 விழுக்காடு, மற்றப் பிரிவில் 47 விழுக்காடு. ஐம்பதும் அதற்கு மேற்பட்ட வயதுமுள்ள மாதரிடையே இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. அதற்கு இளையவரிடையே அப்பயன் காணப்படவில்லை. எல்லா வயதினரையும் சேர்த்து நோக்கும்பொழுது 15 விழுக்காடு குறைவு தோன்றினும், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்களே ஒப்புக்கொண்டனர். எனினும் பெரிய இயந்திரம் ஒன்றுமின்றி, நம் வீட்டுப் பெண்களைப் போன்றாரின் பயின்ற விரல்களால் இவ்வளவு இயன்றது என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கின்றது.

படத்தின் வரலாறும் இங்ஙனமே கையோடு சேர்ந்து தொடங்கியது. மேமோகிராமின் பயனை முதன்முதல் நிறுவிய பேராராய்ச்சி 1963இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஏறக்குறைய 62,000 மாதர் அதில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். அவர்களுட் பாதிப்பேர்க்கு ஆண்டுதோறும் படமும் கைப்பரிசோதனையும் இரண்டும் சேர்ந்தே செய்யப்பட்டன. அங்ஙனம் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுகளுள் மூன்றில் ஒரு பங்கு படத்தில் மட்டுமே தெரிந்தது. ஐந்தில் இரண்டு பங்கிற்குச் சிறிது மேல் கைக்கு மட்டுமே தெரிந்தது. இரண்டிற்கும் தெரிந்தவை ஐந்தில் ஒரு பங்களவே. இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். படத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஐந்தில் இரண்டு பங்கினர் என் தமக்கையாரைப்போல் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பர். கையை மட்டும் நம்பியிருந்தால் மூன்றில் ஒரு பங்கினர் திரும்பியிருப்பர். அக்காலத்துப் படங்கள் மங்கலானவை. இக்காலத்துப் படங்கள் எவ்வளவோ தெளிவானவை. ஆயினும் இன்றும் பத்துப் புற்றில் ஒன்றேனும் மேமோகிராமில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

எதனால் ஒளிகின்றது? இளமையில் மார்பகத்துள் பால்சுரப்பியும் நார்த்தசையும் மிகுதி. எக்ஸ்ரேயில் அவை வெண்மையாய் விழும். புற்றுக்கட்டியும் வெண்மையாகவே விழும். வெள்ளை வேட்டியில் வெள்ளை நூல்முடிச்சைத் தேடுவது போலாம். வயது ஏற ஏறக் கொழுப்பு மிகுந்து படம் கருமையாகும்; கட்டி தெளிவாகத் தெரியும். நம் மாதர்க்கு இந்நோய் முன்னதாக வருகின்றது என்று முன்னர்ச் சொன்னேனே, அதன் பொருள் இங்கே விளங்கும். நாற்பதிலும் நாற்பத்தைந்திலும் கட்டியோடு வருபவர்க்குப் படம் ஏமாற்றக்கூடும். அங்கே துணைக்கு வருவது அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன். ஒலியலையால் பார்ப்பதாதலின் அதில் கட்டி கருமையாகத் தெரியும். நீர்க்கட்டியா தசைக்கட்டியா என்றும் பிரித்துக்காட்டும். முப்பது வயதிற்குட்பட்ட பெண்ணுக்குக் கட்டி இருந்தால் முதலில் செய்யத்தக்கதும் இதுவே. இதற்கு மாறாக, புற்றின் தொடக்கத்திற்குக் குறியாகக்கூடிய மணல்போன்ற சுண்ணாம்புத் துகள்களைக் காட்டுவதில் ஸ்கேன் குறைபாடுடையது. அது மேமோகிராமின் வலிமை. ஒன்றன் குருடு மற்றொன்றன் கண் என்க.

ஜப்பான் தேசத்தார் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தனர். நாற்பது முதல் நாற்பத்தொன்பது வயதுடைய 72,998 மாதரை அவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டனர். மேமோகிராம் மட்டும் செய்த பிரிவில் 117 புற்றுகள் கண்டறியப்பட்டன. ஸ்கேனும் சேர்ந்த பிரிவில் 184. இருக்கும் புற்றைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் 77 விழுக்காட்டிலிருந்து 91 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. இம்முடிவு 2016இல் வெளியாயிற்று. இதற்கு ஒரு விலையுமுண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. நோயே இல்லாத ஆயிரவரில் மேமோகிராம் மட்டும் செய்தபொழுது ஏறக்குறைய 86 பேர் வீணே மறுபரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். இரண்டும் செய்தபொழுது 123 பேர். அந்த அதிகப்படியான முப்பத்தேழு வீடுகளில் சிலகாலம் உறக்கம் இராது. நோயின் குறியெதுவும் இல்லாதவர்க்கு எல்லாப் பரிசோதனைகளையும் ஆண்டுதோறும் செய்க என்று யான் சொல்லாமைக்கு இதுவே காரணம். ஆனால் கட்டி இருப்பவரது நிலை வேறு. அவர்க்கு ஒன்றோடு நிறுத்துதலே தவறு.

மூன்றாவது ஊசி. யான் கண்ட மாதருள் பலர் கைக்கும் வந்தனர், படத்திற்கும் வந்தனர், ஊசி என்றவுடன் மறைந்துபோயினர். "ஊசி பட்டால் புற்று சீறிப் பரவும்" என்று ஊரெங்கும் ஒரு பேச்சு உண்டு. கல்லால் எறிந்த பாம்புப் புற்றைப்போல் இதையும் எண்ணிக்கொள்கின்றார்கள் போலும்! இவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை. ஊசி சென்ற வழியே புற்று முளைத்தல் மிக மிக அரிது. ஊசியிட்டவர் அதனால் விரைவில் இறந்தனர் என்பதற்குச் சான்றும் இல்லை. ஊசியில்லாமல் எவ்வகைப் புற்று என்று அறியமுடியாது. அறியாமல் எந்த மருந்து என்று முடிவுசெய்ய முடியாது. மெல்லிய ஊசியால் சில அணுக்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது ஒருவகை. தோலை மரக்கச்செய்து சற்றுத் தடித்த ஊசியால் கோதுமை நொய்யளவு தசையையே வெட்டியெடுப்பது மற்றொரு வகை. இதனைக் கோர் பயாப்சி என்பர். இரண்டாவதே தெளிவானது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் செலுத்தினால் குறி தவறாது.

இம்மூன்றின் சிறப்பு அவை ஒத்துப்போவதில் இருக்கின்றது. கை, படம், ஊசி மூன்றும் "தீங்கற்றது" என்று ஒரே குரலிற் சொன்னால் அது தவறாய் முடிவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அப்பொழுது மனம் நிறைந்து உறங்கலாம், அறுவையும் வேண்டா. மூன்றில் ஒன்று மாறுபட்டாலும் வழக்கு முடியவில்லை. படம் புற்றுபோல் இருக்க ஊசி இல்லையென்றால், ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். மீண்டும் எடுக்கவேண்டும், அல்லது கட்டியையே அகற்றிப் பார்க்கவேண்டும். கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும் கட்டி படத்தில் இல்லையென்றால் ஸ்கேனும் ஊசியும் கேட்டுப் பெறுக. "கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே" என்கின்றீர்களா? கோபித்தால் கோபிக்கட்டும்.

படத்தின் தாளைப் பற்றி ஒரு சிறு செய்தி. அதன் அடியில் 'பைராட்ஸ்' என்று எழுதி 0 முதல் 6 வரை ஓர் எண் இட்டிருப்பார்கள். பூச்சியம் என்றால் நோய் பூச்சியம் என்று மகிழ்ந்து தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட ஒரு மூதாட்டியை யான் அறிவேன். பூச்சியத்தின் பொருள் 'படம் போதவில்லை, இன்னும் பார்க்கவேண்டும்' என்பது. 1ம் 2ம் கவலையற்றவை. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் ஆறு திங்களில் மீண்டும் பார்க்கவேண்டும். 4ம் 5ம் ஊசி வேண்டுபவை. 6 என்பது ஊசியால் புற்று என்று முன்னரே துணியப்பட்டது. கட்டி கையில் தட்டுப்படுமாயின் 1 என்னும் எண்ணும் உங்களை விடுவிக்காது. என் தமக்கையார்க்கு இருந்தது அத்தகைய தாளே.

வெப்பத்தைப் படம் பிடிக்கும் கருவியைக் காட்டி, தொடாமலே புற்றைக் கண்டுபிடிப்போம் என்று முகாம் நடத்துவாரும் உண்டு. ஒரு சொட்டு இரத்தத்தால் கண்டுபிடிப்போம் என்பாரும் உண்டு. இவை மேமோகிராமுக்கோ ஊசிக்கோ ஈடாகா. அவற்றிற்குக் கொடுக்கும் பணத்தை ஸ்கேனுக்குக் கொடுக்கலாம்.

இனி நம் ஊர் நிலை. சீமையில் பல ஆஸ்பத்திரிகளில் ஒரே நாளில் ஒரே கூரையின்கீழ் இம்மூன்றும் நடைபெறுகின்றன. நமக்கோ கை ஓரிடம், படம் ஓரிடம், ஊசி வேறோரிடம். ஊசியில் எடுத்த தசை பின்னும் ஓரிடத்திற்குப் பயணம் போகின்றது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டியவர் ஒருவருமில்லாமல், தாள்கள் மட்டும் துணிக்கடைப் பையொன்றில் நம்மோடு பஸ்ஸில் வருகின்றன. என் தமக்கையாரைக் கொன்றது புற்றென்பது மெய். இப்பிரிவும் அதற்குத் துணைநின்றது.

நல்ல தொடக்கங்களும் இல்லாமலில்லை. முப்பது வயதிற்கு மேற்பட்ட மாதர்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற செவிலியர் மார்பகத்தைக் கையால் பரிசோதிக்கும் ஏற்பாடு உண்டு. நம் அரசாங்கத்தார் 2023 நவம்பரில் மார்பகம், கருப்பைவாய், வாய் ஆகியவற்றின் புற்றுகளை மக்களை அழைத்துப் பரிசோதிக்கும் திட்டத்தை முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கினர். அவற்றுள் ஒன்று ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஈரோடு. நாம் நாமக்கல் மாவட்டத்தாராதலின் அம்முதற்பட்டியலில் இல்லை. ஆற்றின் இக்கரையில் பிறந்த குற்றம்! அது கிடக்க. கட்டியுடையவர் அழைப்பிற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லுமுன், அங்கே மேமோகிராம் இயந்திரம் அன்று இயங்குகின்றதா என்று கேட்டறிந்து செல்க. இல்லையேல் ஒரு நாள் கூலி வீண். சிகிச்சைச் செலவிற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர் அதனைக் கையோடு கொண்டு செல்க.

கட்டியேயன்றி வேறு குறிகளுமுண்டு: தோல் குழிவிழுதல், கிச்சிலிப் பழத்தோல்போல் தடித்தல், காம்பு புதிதாக உள்வாங்குதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் நெறிகட்டுதல். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்தவர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இதனைச் சொல்லும்பொழுது என் தமக்கையாரின் மகளை நினைக்கின்றேன். எந்தத் திருமணப் பந்தியில் அவர் நின்று பரிமாறினாரோ, அம்மணமகளே அவள். சென்ற ஆண்டு அவளுக்கும் மார்பில் ஒரு கட்டி தோன்றியது. இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "சித்தி, எனக்கும்" என்றாள், மேலே பேசவில்லை. மறுநாள் காலையே புறப்பட்டோம். ஓர் அனுபவமுள்ள பெண் டாக்டர் கையால் பார்த்தார். வழவழப்பாய் நழுவுகின்றது என்றார். ஸ்கேனும் அவ்வாறே காட்டியது. "இரண்டும் நன்றாயிருக்கிறதே, ஊசி எதற்கு?" என்று அவள் கணவர் தயங்கினார். யான் விடவில்லை. ஐந்து நாள் கழித்து ஊசியின் முடிவு வந்தது: நார்க்கட்டி, தீங்கற்றது. மூன்று தாள்களையும் அடுத்தடுத்து வைத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இப்பொழுது இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ அமர்ந்திருக்கின்றாள்; அவள் இசைவு பெற்றே இதைச் சொன்னேன்.

அந்த மூன்று தாள்களைப் பார்த்தபொழுது தோன்றியதே முன்னர்ச் சொன்ன அட்டை. உள்ளங்கையளவு தாள், மூன்று கட்டங்கள். முதற்கட்டத்தில் கையால் பார்த்தவர் எழுதவேண்டும். இரண்டாவதில் படமும் ஸ்கேனும் பார்த்தவர். மூன்றாவதில் ஊசியின் முடிவு. அடியில் 'மூன்றும் ஒத்தனவா?' என்று ஒரு வரி. அட்டை அந்தப் பெண்மணியிடமே இருக்கும். சங்கத்தாரோ பிறரோ பார்க்கவேண்டிய அவசியமில்லை, பெயரும் எழுதவேண்டா. ஒரு கட்டம் வெறுமையாய் இருக்கும்வரை எந்த வைத்தியரிடம் சென்றாலும் அவ்வட்டையை மேசைமேல் வைக்கவேண்டும். எழுதிக் கொடுப்பார்களா என்று ஐயுறுகின்றீர்கள். இதுவரை ஆறு பெண்களுக்குக் கொடுத்தேன். நால்வர்க்கு எழுதிக் கொடுத்தார்கள். மற்றிருவர்க்கு அவர்கள் தாள்களைப் பார்த்து யானே எழுதினேன்.

வாயிலருகே மேசைமேல் இருநூறு அட்டைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவரும் தமக்கொன்றும், கூட்டத்திற்கு வர இயலாத நாத்தனார், மாமியார்க்கு ஒன்றுமாக எடுத்துச் செல்லலாம். இப்பொழுதே கட்டியுள்ளவர் எவரேனும் இருப்பின் என்னிடம் தனியே சொல்லவேண்டும். ஞாயிறு மாலைகளில் யான் வீட்டில்தான் இருக்கின்றேன். அட்டைகள் போதாவிடின் மேலும் அச்சிடுவதற்குச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கின்றார்கள்.